‘கம்ப்யூட்டர் போயிடுச்சு தம்பி’: போனில் வரும் புகாரை அவிழ்க்கும் வழி

கடையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களுக்காக எழுதத் தொடங்கிய குறிப்பு இது. எங்கள் ஊர் சின்ன ஊர். சென்னை ரிச்சி தெருவிலிருந்து உதிரிகளை வாங்கி வந்து சிஸ்டம் கட்டிக் கொடுப்போம், லேப்டாப்பும் விற்போம். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் கணினி. விற்ற மறுநாளிலிருந்து போன் வரத் தொடங்கும். அந்தப் போனை எடுக்கிறவன் முதலில் எரிச்சல்படுவான், அப்புறம் கத்துவான், அப்புறம் எடுக்காமலே விடுவான். மூன்றையும் நான் செய்திருக்கிறேன்.

முதலில் பழுது பார்க்க வேண்டியது, அவர் சொல்லும் வாக்கியத்தை. ‘சி.பி.யூ.’ என்றால் பெட்டி. ‘ஹார்டு டிஸ்க்’ என்றாலும் பெட்டிதான். ‘மெமரி ஃபுல்’ என்றால் டிஸ்க் நிரம்பியிருக்கிறது, ராம் என்கிற தற்காலிக நினைவகம் அல்ல. ‘நெட்’ என்ற ஒரே சொல் வைஃபை, ரீசார்ஜ், குரோம், கூகுள் நான்கையும் குறிக்கும். ‘வைரஸ் வந்துடுச்சு’ என்பதற்கு அர்த்தமே கிடையாது. ஏதோ பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் “என்ன பிரச்சினை?” என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர் தனக்குத் தோன்றிய காரணத்தைச் சொல்வார். “இப்ப உங்க கண்ணு முன்னாடி என்ன தெரியுது? அப்படியே படிச்சுச் சொல்லுங்க” என்று கேளுங்கள். “பிளக் சரியா இருக்கா?” என்றும் கேட்கக் கூடாது. ‘என்னை முட்டாள்னு நினைக்கிறான்’ என்று, குனிந்து பார்க்காமலே “எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்பார். “பிளக்கை உருவி, ஒரு தடவை ஊதிட்டு, மறுபடி அழுத்திச் சொருகுங்க, தூசி இருந்தாலும் இருக்கும்” என்று சொன்னால் மனம் கோணாமல் செய்வார். கழன்று கிடந்திருந்தால் அவருக்கும் மரியாதை போகாது.

“ஆன் ஆகல”

தினமும் வரும் புகார். இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கும். கேள்வி இரண்டு போதும்: பெட்டியில் எங்காவது விளக்கு எரிகிறதா? காதை வைத்தால் ஃபேன் சத்தம் கேட்கிறதா?

விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் மின்சாரம் பெட்டிக்குள் போகவில்லை. சுவர் சுவிட்ச், ஸ்பைக் பஸ்டர் சுவிட்ச், பெட்டியின் பின்பக்கம், உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மேல் இருக்கும் சின்னச் சுவிட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். அந்தக் கடைசிச் சுவிட்சில் ஒரு பக்கம் கோடும் இன்னொரு பக்கம் வட்டமும் போட்டிருக்கும். கோடு இருக்கும் பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வீட்டில் ஒட்டடை அடிக்கிறவர்கள் கைபட்டு இது மாறிப்போவது வாடிக்கை. அதுவும் சரி என்றால் யூ.பி.எஸ். மேல் சந்தேகப்படுங்கள். சாதாரண 600 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது செத்துவிடும். செத்த பேட்டரியோடு சில யூ.பி.எஸ்.கள் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாது. பெட்டியின் வயரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டச் சொல்லுங்கள். ஓடினால் பழுது கணினியில் இல்லை.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் மானிட்டர் விளக்கின் நிறத்தைக் கேளுங்கள். ஆரஞ்சு நிறமோ, விட்டு விட்டு எரிவதோ என்றால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது, படம்தான் வரவில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட பெட்டியில் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை மேலே மதர்போர்டு ஓட்டையில் சொருகிவிட்டு, திரை செத்துவிட்டது என்பார்கள். கீழே படுக்கைவசமாக இருக்கும் ஓட்டையில் மாற்றிச் சொருகினால் வந்துவிடும். கேபிள் சரி, படம் இல்லை, பெட்டிக்குள்ளிருந்து பீப் பீப் என்று சத்தம் வேறு என்றால் ராம். கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இதைப் போனில் செய்ய வைக்க முயலாதீர்கள். கடைக்கு எடுத்து வரச் சொல்லுங்கள்.

எடுத்து வரச் சொல்லும்போதும் வார்த்தையில் கவனம் வேண்டும். ஒரு தடவை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் “சிஸ்டத்தைக் கொண்டுவாங்க ஐயா” என்று சொல்லிவிட்டேன். வேட்டியில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பதினான்கு கிலோமீட்டர் தாண்டி வந்து மேசைமேல் இறக்கினார். மானிட்டர். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் படம் தெரிகிற பொருள்தானே? அன்று வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் “டி.வி. மாதிரி இருக்கிறது வீட்டிலேயே இருக்கட்டும், கீழே நிக்கிற பெட்டியை மட்டும், ஒயரெல்லாம் விட்டுட்டுக் கொண்டுவாங்க” என்கிறேன்.

கம்பெனிப் படம் வந்து அதோடு நின்றால், பென் டிரைவ் சொருகியிருக்கிறதா என்று கேளுங்கள். உருவிவிட்டு ஆன் செய்தால் போதும். புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்டால் அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. லேப்டாப் அமைக்கும்போது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும். அது யாருடைய கணக்கு என்பது வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

“தொட்டா ஷாக் அடிக்குது”

இதில்தான் கடைக்காரனுக்கு மானம் போகும். பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தால் அடிக்காது. திருப்பி அனுப்பினால் வீட்டில் அடிக்கும். “ஷாக் அடிக்கிற மெஷினை என் தலையில கட்டிட்ட” என்று ஒருவர் மூன்று நடை நடந்தார்.

காரணம் இதுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டியின் உடலுக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து உடலுக்கு. எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசிவது பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டியின் உடல் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில், அதாவது 115 வோல்ட் பக்கத்தில், அந்தரத்தில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று குத்துவதோடு நிற்கும், டெஸ்டர் மங்கலாக எரியும். ஆனால் ‘அது அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே நிஜமாகவே ஒயர் உரசினாலும் முதல் அறிகுறி இதேதான். எர்த் இல்லாத வீட்டில் அப்போது காப்பாற்ற எதுவும் இருக்காது.

மீட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். பிளக் ஓட்டையில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. முதல் அளவு குறைந்தோ, நிலையில்லாமல் ஆடியோ காட்டினால் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை, அல்லது எர்த் குழி காய்ந்து கிடக்கிறது. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னதுமே சரியான வீடுகள் உண்டு. எர்த்தையும் நியூட்ரலையும் பிளக்குக்குள்ளேயே இணைத்துவிடும் எலக்ட்ரீஷியனை மட்டும் தடுத்துவிடுங்கள். நியூட்ரல் அறுந்தால் பெட்டியில் முழு 230-உம் நிற்கும்.

நான் மீட்டரோடு போனபோது அந்த வீட்டு அம்மா சமையலறையிலிருந்து சொன்னார்: “மிக்சி எப்பவும் அடிக்கும் தம்பி, அது பழகிடுச்சு. கம்ப்யூட்டர் புதுசுல்ல, அதான் கேட்டோம்.”

“தமிழ்ல அனுப்பினாங்க, இங்கிலீஷா கொட்டிக் கிடக்கு”

கல்யாணப் பத்திரிகை, சங்க நோட்டீஸ், வக்கீல் குமாஸ்தா அனுப்பிய மனு என்று எதுவாகவும் இருக்கலாம். ‘வைரஸ்’ என்றுதான் சொல்வார்கள். பழைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் செய்த தந்திரம் இது. ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்துவிட்டார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. பாமினி உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே வந்து நிற்கும்.

சோதனை எளிது. அந்த வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டச் சொல்லுங்கள். அங்கும் தமிழாகத் தெரிந்தால் யூனிகோட், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. குப்பையாகத் தெரிந்தால் பழைய எழுத்துரு. இரண்டாவது என்றால் அனுப்பியவரிடம் எந்த எழுத்துரு என்று கேட்டு அதை நிறுவலாம். படிக்க மட்டும் அது போதும். வாட்ஸ்அப்பில் போட, மெயிலில் அனுப்ப வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அச்சகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் பாமினி இன்னும் சிம்மாசனத்தில்தான் இருக்கிறது. நோட்பேடில் சரியாகத் தெரிந்து, டிசைன் மென்பொருளில் மட்டும் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் பிரிந்து நின்றால், அந்த மென்பொருளுக்கு இந்திய மொழிகளைக் கோத்து எழுதத் தெரியவில்லை அல்லது அந்த வசதி அணைந்து கிடக்கிறது என்று பொருள்.

“தமிழ் அடிக்க வரல” என்பது வேறு புகார். அதற்கு முதல் கேள்வி, “எங்கே தமிழ் அடிக்கக் கத்துக்கிட்டீங்க?” டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் என்றால் தட்டச்சு முறை. போனில் ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகிய பிள்ளைகள் என்றால் ஒலிபெயர்ப்பு முறை. யாருக்குமே பழக்கம் இல்லையென்றால் தமிழ் 99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்ற விசைப்பலகை, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. கேட்காமல் நமக்குத் தெரிந்ததை வைத்துக் கொடுத்துவிட்டு, விரல் போகிற இடத்தில் எழுத்து வரவில்லை என்று அவர் தவிக்கும்போது “கத்துக்கோங்க” என்று சொல்வது கொழுப்பு.

“ரொம்ப ஸ்லோ”

டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் பழைய சுழல் ஹார்டு டிஸ்க். அதற்குப் பதில் சுழலாத, வேகமான எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தால் அவரே வந்து காபி வாங்கித் தருவார். அதைவிட்டு ஃபார்மட் அடித்துக் கொடுத்துக் காசு வாங்குவது ஒரு மாதம்தான் தாங்கும்.

இதன் கிளையாக இப்போது ஒரு சண்டை வருகிறது. ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டிய பெட்டியை, உள்ளே இன்டெல் ‘ஐ5’ பிராசஸர் என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்திருப்பார்கள். நான்காம் தலைமுறையா, பத்தாம் தலைமுறையா என்று வாங்கியவர் கேட்டிருக்க மாட்டார். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்குவதில்லை. “ஐ5 தானே, ஏன் ஏறாது?” என்பார். ‘ஐ5’ என்பது ஊர்ப் பெயர் மாதிரி, அதற்குப் பின்னால் வரும் எண்தான் கதவு எண் என்று சொன்னால் புரிகிறது.

“ஒரு டி.பி. சொன்னே, 931-தான் காட்டுது”

திருட்டுப் பட்டம் கட்டும் புகார். டிஸ்க் செய்பவர் ஒரு டி.பி.யை லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார், அதாவது ஆயிரம் ஆயிரமாக. விண்டோஸ் 1024 1024-ஆக வகுத்துவிட்டு அதையும் ஜி.பி. என்றே எழுதுகிறது. அதனால் 1000 என்பது 931, 512 என்பது 476. படி கணக்கையும் லிட்டர் கணக்கையும் குழப்பினால் எண்ணெய் குறைந்த மாதிரித் தெரியும்தானே? விற்கும் அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டால் இந்தப் போன் வரவே வராது. ஐந்து வருடம் சொல்லாமலிருந்தது நான்தான்.

“நெட் வரல”

அதே வைஃபையில் போன் ஓடுகிறதா? போனிலும் வரவில்லை என்றால் வீட்டு வைஃபைப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா, ரீசார்ஜ் முடிந்ததா என்று பாருங்கள். போனில் ஓடுகிறது, லேப்டாப்பில் இல்லை என்றால் விமானம் போட்ட சாவியை யாரோ தட்டியிருக்கிறார்கள். இணையம் வருகிறது, எல்லாத் தளமும் ‘பாதுகாப்பற்றது’ என்று மிரட்டுகிறது என்றால் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய வருடத்தைக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

“பிரிண்டர் ஆஃப்லைன்”

நிறுத்திவிட்டு ஆன் செய்யுங்கள். வரிசையில் நிற்கும் பழைய பிரிண்ட்களை அழியுங்கள். லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள், சூடாகும்போது இழுக்கிற இழுப்பில் யூ.பி.எஸ். விழுந்துவிடும். இங்க் டேங்க் என்றால் வாரம் ஒரு கலர்ப் பக்கம் அடியுங்கள், இல்லாவிட்டால் இங்க் காய்ந்துவிடும். இதற்கு மேல் பிரிண்டரைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

“கம்ப்யூட்டர் பொம்பளைக் குரல்ல கத்துது, ஒரு நம்பர் காட்டுது”

இதில் மட்டும் நிதானமாகக் கேள்வி கேட்காதீர்கள். “அந்த நம்பருக்குப் போன் பண்ணினீங்களா?” என்பதே முதல் கேள்வி. இல்லை என்றால் அது மோசடிக்காரர்கள் வைத்த வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் சாவியைச் சில நொடி அழுத்திப் பிடித்து, பிறகு ஆல்ட்டும் எஃப் 4-உம் சேர்த்து அழுத்தினால் மூடிவிடும். முடியாவிட்டால் பவர் பட்டனைப் பிடித்து அணைத்துவிடலாம். போன் பண்ணிவிட்டார், அவர்கள் சொன்ன ஒன்றை இறக்கியும்விட்டார் என்றால் முதலில் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். அடுத்து வங்கிக்குப் போன், உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930. பணம் நகர்ந்திருந்தால் நிமிடங்கள் முக்கியம். திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். திட்டினால் அடுத்த தடவை நம்மிடம் சொல்லாமல் மறைப்பார்கள்.

“ஃபார்மட் அடிச்சிடுங்க, உள்ள ஒண்ணும் இல்ல”

இந்த வாக்கியத்தை நம்பாதீர்கள். கோயில் கமிட்டிப் பொருளாளர் ஒருவர், “முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல போட்டுட்டேன், சி-யில ஒண்ணுமில்ல, நீ அடி” என்றார். நானும் அடித்தேன். மாலையில் வந்து திரையைப் பார்த்தவர், “இங்க முன்னாடியே இருந்துச்சே” என்று வெறும் டெஸ்க்டாப்பை விரலால் தடவினார். டெஸ்க்டாப் என்பதே சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. குடமுழுக்கு நன்கொடைக் கணக்கு, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற முழுப் பட்டியல். ஏப்ரல் மாதத்துப் பிரதி ஒன்று அவர் பேரனின் பென் டிரைவில் கிடைத்தது. மீதியை ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து நான்கு ராத்திரி உட்கார்ந்து நானே அடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கடையில் முறை மாறியது. “முக்கியமான ஃபைல் எங்கே இருக்கு?” என்று கேட்பதில்லை. “தினமும் வேலை பார்க்கிற ஃபைலை என் முன்னால ஒரு தடவை திறந்து காட்டுங்க” என்கிறோம். அவர் வேர்டைத் திறந்து, அதற்குள்ளிருந்து திறப்பார். பலருக்கு ஃபைல் வேர்டுக்குள்ளேதான் வாழ்கிறது. அது நிஜமாக எந்த ஃபோல்டர் என்று நாம் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ், டேலி போன்ற கணக்கு மென்பொருளின் ஃபோல்டர், இதோடு குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள். இத்தனையும் வெளி டிஸ்க்கில் ஏறிய பிறகே ஃபார்மட். அதற்குப் பிறகும் ஒரு வாரம் அந்த வெளிப் பிரதியை அழிக்காதீர்கள்.

“பாஸ்வேர்டு தப்புங்குது, நான் சரியாத்தான் போடுறேன்”

கேப்ஸ் லாக். இல்லையென்றால் எண் சாவிகளுக்கான ‘நம் லாக்’ (Num Lock). அதுவும் இல்லையென்றால் கீபோர்டு மொழி தமிழுக்கு மாறிக் கிடக்கிறது. கண் படத்தை அழுத்தி, அடித்ததை அவரையே படிக்கச் சொன்னால் பத்தில் எட்டு முடிந்துவிடும்.

மீதி இரண்டில் கணக்கே அவருடையதாக இருக்காது. கூட்டமான தீபாவளி நேரம், வாடிக்கையாளருக்கு மெயில் ஐ.டி. இல்லை, வாசலில் அடுத்த ஆள் நிற்கிறார். அப்போது கடைக்காரன் என்ன செய்வான்? தன் போன் நம்பரைப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவான். நான் அப்படி அனுப்பியவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. இப்போது வாங்குகிறவர் போனில்தான் ஓ.டி.பி. வர வேண்டும் என்பது கண்டிப்பு. பழையவற்றில் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் நம்பரை ஒவ்வொன்றாக மாற்றி வருகிறேன்.

ஒன்று மட்டும் மாறவில்லை. உரக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் லேப்டாப். மாதம் ஒரு தடவை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் போனுக்கு எண் வரும். அடுத்த நிமிடம் அவர் குரல் வரும். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், அவருக்கு ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். “ஒரு நாள் லேப்டாப்பை எடுத்துட்டு வாங்கய்யா, அஞ்சு நிமிஷம், மாத்திடலாம்.”

“வர்றேன் தம்பி, இந்த அறுப்பு முடியட்டும்.”